மூன்று ஒன்றாம் நம்பர்கள்

12-6-89, திங்கள்

காலையிலிருந்து சாரல். மூன்று கம்ப்யூட்டர்களும் வந்துவிட்டன. எங்கள் கம்ப்யூட்டர் பயிற்சி சென்டரின் டிரஸ்டிகள் ஆளுக்கொன்றாக வாங்கிக் கொடுத்தவை: அரிசி ஆலை பிச்சுமணி, வக்கீல் கணபதிசுப்பிரமணியன், குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் கடற்கரை அண்ணாச்சி. ஒவ்வொன்றின் நெற்றியிலும் அவரவர் தகப்பனார் பெயர், பித்தளைத் தகட்டில். தகட்டைவிடத் திரை கொஞ்சம்தான் பெரிது.

நான் ரிடையரான வாத்தியார், இங்கே பொறுப்பாளர். விஷயம் தெரிந்தவள் சந்தனமாரி மட்டுமே. அச்சன்புதூர்ப் பெண், தற்காலிக வேலை. ஜூலை மூன்றாம் தேதி அங்கீகாரம் தர அதிகாரி வருகிறார். அன்று மூன்றும் வயர் வழியாக ஒன்றோடொன்று பேசாவிட்டால் அவளை வீட்டுக்கு அனுப்புவதாகத் தீர்மானம். டிரஸ்டிகள் ஒருமனதாக எடுத்தது அது ஒன்றுதான்.

14-6-89

பேசிவிட்டன! ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு நெட்வொர்க் கார்டு, அதில் அரிசி பருமனில் எட்டுச் சுவிட்சுகள். பேனா முனையால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நம்பர் வைத்தாள். இரண்டு கார்டுக்கு ஒரே நம்பர் ஆகாதாம். வகுப்பில் இரண்டு பையன்களுக்கு ஒரே வரிசை எண் கொடுத்ததுபோல, இல்லையா என்றேன்.

"இல்ல சார். அங்கன ரெண்டு பேரும் உள்ளேன் ஐயான்னுருவாங்க. இங்கன ஒண்ணும் வாயே தொறக்காது."

என் உதாரணத்தைவிட நன்றாயிருந்தது.

19-6-89

பிச்சுமணி அண்ணாச்சி வந்தார். "சாரே, எங்கப்பா எத்தனாவது நம்பர்ல இருக்காவ?"

மூன்று என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"கோயில்ல எங்க குடும்பத்துக்குத்தான் மொதப் பரிவட்டம். இங்கன மூணாவதா நிக்கணுமோ?"

பஸ் நம்பர் பெரிதானால் பஸ் மட்டமாகிவிடுமா என்று விளக்கினேன்.

"அப்பம் அந்தப் பெரிய நம்பர வக்கீலுக்குக் குடுத்துருங்க."

21-6-89

டிரஸ்டிகளிடமிருந்து மூன்று கடிதங்கள். ஒரே கோரிக்கை.

23-6-89

கமிட்டி, மூன்று மணி நேரம். தீர்மானம்: மூன்றுக்கும் எண் ஒன்று.

"நின்னுரும் சார்" என்றாள் சந்தனமாரி.

"ஏட்டி, எல்லாம் ஒண்ணுன்னா அது ஒத்துமைலா! எப்படி நிக்கும்?" என்றார் கடற்கரை.

வைத்தாள். நின்றது. ஏன் நின்றது என்று விளக்கம் கேட்டு அவளுக்கே மெமோ. அதில் யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று அரைமணி நேரம்.

26-6-89

இன்று டிரஸ்டிகளிடம் பொய் சொன்னேன். அதிகாரி கேள்வி கேட்டால் ஒன்றாம் நம்பர்க்காரர்தான் எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்றேன். மாலைக்குள் மூவரும் தனித்தனியே வந்தார்கள். "நமக்கு என்ன சாரே, மூணாம் நம்பரே போதும்."

மூவருக்கும் மூன்று. மறுபடியும் நின்றது.

30-6-89

சந்தனமாரி மத்தியானம் சாப்பிடவில்லை. வேலை நிரந்தரம் என்று அம்மையிடம் சொல்லிவிட்டாளாம். அந்தப் பிள்ளை என்ன தப்பு செஞ்சுது? வேலை தெரிஞ்சுக்கிட்டதா தப்பு?

1-7-89

என் பொய் வெளுத்து, மூவருக்கும் மறுபடி ஒன்றாம் நம்பரே வேண்டுமாம். டிரஸ்டிகள் அனுப்பிய தச்சர் வந்தார். பிளைவுட் தடுப்பு. ஒரு ஹாலில் மூன்று அறை, மூன்று வாசல், ஒவ்வொரு வாசலிலும் "எண் 1" என்று பலகை. ஆணி அடிக்க இடைஞ்சல் என்று வயரைக் கழற்றிச் சுருட்டிவிட்டார்கள்.

3-7-89

அதிகாரி வந்தார். "மூணு லேபா!" என்று அசந்துபோனார். பிறகு கேட்டார்: "ஒண்ணுக்கொண்ணு பேசுமா?"

"பேசும்" என்றார் வக்கீல், கோர்ட்டில் சொல்வதுபோல.

சந்தனமாரி முதல் அறையில் அதிகாரியின் பெயரை அடித்தாள், பிளாப்பியில் ஏற்றினாள், வெளியே வந்து அடுத்த அறைக்குப் போய்ச் செருகினாள். பிறகு அதற்கடுத்த அறை. மூன்று திரையிலும் அவர் பெயர். பின்னாலேயே வந்த அதிகாரி கைதட்டினார்.

அங்கீகாரம் கிடைத்தது.

10-7-89

சந்தனமாரிக்கு நிரந்தர உத்தரவு. பதவி: நெட்வொர்க் சூப்பர்வைசர். நான்தான் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். அதற்குள் மூன்று அறையிலிருந்தும் கூப்பிட்டுவிட்டார்கள்.

சம்பளம் வந்ததும் முதலில் என்ன வாங்கப்போகிறாய் என்று கேட்டேன்.

"நல்ல செருப்பு ஒண்ணு சார்" என்றாள், பிளாப்பியை எடுத்துக்கொண்டே.