அவர் உன் கையைப் பார்க்கவே இல்லை

இன்று காலை கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போகும் பேருந்தில் உனக்குப் பிடித்த அந்தப் பாடகருடைய பாட்டு ஓடியது. பக்கத்தில் நின்ற பெண் முகத்தைச் சுளித்தாள். "மகா திமிரு பிடிச்ச ஆளு. ஒரு ஏழைப் பொம்பளைக்க கையத் தட்டி விட்டவனாக்கும்" என்றாள். ஓட்டுநர் பாட்டை மாற்றிவிட்டார். நீ போய் இரண்டு வருடமாகிறது. அந்த ஏழைப் பொம்பளை நீதான் என்றும், அந்த வீடியோவை எடுத்துப் போட்டவள் நான்தான் என்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வெயிலில் நடந்தேன்.

பதினெட்டு வருடம் முந்திரி ஆலையில் அருகருகே உட்கார்ந்து கொட்டை உடைத்தோம். ஓட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் பட்டு நம் இருவர் விரல்களும் கறுத்துப்போயிருந்தன. என்ன தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. உன் மடியில் கிடக்கும் பழைய போனில் அவர் பாடிக்கொண்டே இருப்பார்.

"இப்பிடிப் பாடுகவனுக்குக் கெட்ட மனசு இருக்காதுட்டி" என்பாய்.

"பாட்டு வேற, ஆளு வேற" என்பேன் நான்.

ஏதோ ஒரு விழாவில் அவர் யாரிடமோ கோபப்பட்டார் என்று செய்தி வந்த அன்று, "வயித்துக்குச் சரியில்லாம இருந்திருக்கும்" என்று அவருக்காக நீ ஒரு காரணம் கண்டுபிடித்தாய். ஆலையே சிரித்தது.

அவர் நம் மாதா கோயில் திருவிழாவில் பாட வருகிறார் என்றதும் நீ முந்திரிப்பருப்பு வறுத்துப் பொட்டலம் கட்டினாய். கடையில் வாங்கிய பருப்பு. வருடம் முழுக்க நாம்தான் உடைக்கிறோம், ஆனால் ஆலையிலிருந்து ஒரு பருப்பு வெளியே கொண்டுவர முடியாது. கச்சேரி முடிந்து அவர் மேடைப் படியில் இறங்கியபோது நீ கூட்டத்துக்குள் நுழைந்தாய். நான் சற்று எட்ட நின்று போனில் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ பொட்டலத்தை நீட்டி, மறு கையால் அவர் கையைப் பிடித்தாய். அவர் வெடுக்கென்று உதறினார். பருப்பு சிதறியது. நான் போனை அணைத்துவிட்டு ஓடிவந்தேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்வதற்குள் அவருடைய கார் போய்விட்டது. நீ கண் கலங்கி நின்றாய். என்ன நடந்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

'எங்கள் கறுத்த கையைக் கண்டு அருவருத்த மகாகலைஞர்.' அப்படி எழுதித்தான் வீடியோவைப் போட்டேன். விடிவதற்குள் அது எங்கெல்லாமோ போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் நீ என் வீட்டுக்கு வந்தாய்.

"அத அழிச்சுப் போடு மக்கா."

"என்னத்துக்கு? அவனுக்க குணம் நாலு பேருக்குத் தெரியட்டு."

"அவருக்க கையில கட்டு இருந்துதுட்டி, சட்டைக்கு உள்ள. நான் கண்டேனா? ஆசையில பிடிச்சு இழுத்துப் போட்டேன். வலியிலதான் உதறினாரு. பொறவு அவரே குனிஞ்சு பருப்பப் பெறக்கித் தந்தாரு. மன்னிச்சிருங்கம்மான்னு சொன்னாரு."

"நீ அந்தாளு மேல உள்ள கிறுக்குல சொல்லுக."

"அவரு நல்லவரா கெட்டவரா, நமக்குத் தெரியாது. ஆனா அன்னைக்கு அவரு தப்பு செய்யல" என்றாய். பிறகு உன் விரல்களைப் பார்த்தபடி, "அவரு எனக்க கையப் பாக்கவே இல்லட்டி. நீ எழுதின பொறவுதான் எல்லாரும் பாக்குதாவ" என்றாய்.

நாளைக்குப் பார்ப்போம் என்று உன்னை அனுப்பிவைத்தேன். முன்பின் தெரியாதவர்களெல்லாம் என்னைத் துணிச்சல்காரி என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேரை இழக்க எனக்கு மனமில்லை. இன்னொன்றையும் இப்போது ஒத்துக்கொள்கிறேன். உன் வலியை நான் எழுதவே இல்லை. என் கையைப் பற்றி எனக்குள் இருந்த கூச்சத்தை உன் பெயரில் எழுதினேன்.

கத்தாரிலிருந்து உன் மகன் கூப்பிட்டு, "அந்தக் கையையும் வச்சிட்டு எதுக்கும்மா அங்க போன?" என்று கேட்டானாம். பின்னால் அவனே என்னிடம் சொல்லி அழுதான். கோயிலில் பூசையின்போது நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்குகிறவள் நீ. அதன் பிறகு முந்தானைக்குள் கைகளை மறைத்துக்கொண்டு நாவில் வாங்கினாய்.

ஐந்தாம் நாள் அந்தப் பதிவை அழித்தேன். அதற்குள் ஆயிரம் இடத்தில் அது இருந்தது. அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் திமிர் என்றார்கள். ஆலையில் நீ வரிசையின் கடைசிக்கு மாறி உட்கார்ந்தாய். கேட்டால் பதில் சொல்வாய். மக்கா என்று மட்டும் கூப்பிடவில்லை. உன் போனில் பாட்டும் நின்றுபோனது.

மழை பிடித்த ஐப்பசியில் உனக்குத் தலையில் ரத்தக்குழாய் வெடித்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ உதறவில்லை. உதற உனக்கு நினைவு இருந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நீ போன அன்று ராத்திரி, நடந்ததை முழுவதும் எழுதி, வீடியோ போட்ட அதே இடத்தில் போட்டேன். படித்தவர்கள் மிகக் கொஞ்சம். அவருடைய ஆட்கள் எழுதச் சொன்னார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அடக்கத்துக்கு வந்த உன் மகன், மாட்டி வைக்க நல்ல படம் ஒன்றும் இல்லையே என்று வீடெல்லாம் தேடினான். என் போனில் அழிக்காமல் இருந்த அந்த வீடியோவின் தொடக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். கூட்டத்துக்குள் போகுமுன் நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய், நினைவிருக்கிறதா? அந்த முகம். அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா யாரப் பாத்து இப்பிடிச் சிரிக்கா மாமி?"

"என்னப் பாத்துத்தான் மக்கா" என்றேன்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் போனில் இருக்கிறது. தினமும் ஒரு தடவை வீடியோவை ஓட்டி அதைப் பார்க்கிறேன். அதற்கு அடுத்த நொடிக்கு நான் போவதே இல்லை.