தயாளன் அண்ணை வரைந்த முகம்

ஞாயிறு, மாசி 9

என்னை நினைக்க எனக்கே அருவருக்கிறது.

நானும் தயாளன் அண்ணையும் புரோசார்ட் நகரில் ஒரே வகுப்பில்தான் ஜப்பானிய முறையில் பட்டுத்துணியில் முகம் வரையப் பழகுகிறோம். ஆறு வருடமாகப் போட்டி. வருடாந்தக் கண்காட்சிக்கு எங்களில் ஒருவருடைய படம்தான் போகும். இன்று ஆசிரியை வருமுன் அண்ணை தன் படத்தைக் காட்டினார். அவருடைய மனைவியின் முகம். என்னுடையதைவிட நல்லது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"புருவம் மெல்லிசாக் கிடக்கோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, இன்னும் கொஞ்சம் மை வையுங்கோ" என்றேன்.

நம்பி வைத்தார். பட்டில் பட்ட மையை அழிக்க முடியாது. அந்தச் சாந்தமான முகம் சிடுமூஞ்சியாகிவிட்டது. ஆசிரியை கண்காட்சிக்கு என் படத்தைத் தெரிந்தெடுத்தார்.

முதலில் கைகொடுத்தவர் அண்ணைதான். தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கும் கூட்டிப்போனார். அவர் மனைவி கேக் வெட்டித் தந்தபடி, "ஏனப்பா, என்ர முகத்துக்கு என்ன குறை?" என்று சிரித்தார்.

"உம்மட முகத்தில பிழையில்லை. என்ர கைதான் பிழைச்சுப் போச்சு" என்றார் அண்ணை.

எனக்கு வாய் நிறையக் கேக். மென்றுகொண்டே இருந்தேன்.