ஒருத்திக்காகத் தைத்த டீம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஹாலில் கயிறு கட்டி அப்பாவின் ஒர்க்‌ஷாப் பேண்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறாள் அம்மா. டி.வி. பார்க்க இரண்டு பேண்டுக்கு நடுவில் தலையை நுழைக்க வேண்டும்.

போட்டிக்கு ஐந்து நாள். ஞாயிறு, மாதாப்பூர், போன தடவை நடந்த அதே மால், அதே மூன்றாவது மாடி. ஆறு ரவுண்டு. ஐந்திலாவது ஜெயித்தால்தான் பெங்களூரு, தேசியப் போட்டி. இந்தத் தடவை போயே ஆக வேண்டும். டீம் லிஸ்ட் வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு ஒன்றும் மாற்ற முடியாது.

அப்பா இன்றைக்கும் கேட்டார், அந்த வீடியோ கேம் டப்பாவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. பொறுமையாகச் சொன்னேன். ஆறு மிருகம் வளர்க்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆறில் நாலை எடுக்க வேண்டும். களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு. எதிராளிக்கு என் ஆறும் தெரியும், எந்த நாலு வரும் என்பது தெரியாது.

"அப்ப ரெண்டு பேரு வெளிய சும்மா ஒக்காந்துகினு இருப்பானுங்க."

"ஆமாப்பா."

"எங்க செக்‌ஷன்ல எட்டு பேரு."

இப்போதைய டீம்:
1. பங்காரு. மழைத் தவளை. இறங்கினாலே மழை. நாலு வருஷமாக என்னோடு.
2. கெண்டை. மழையில் வேகம் இரட்டிப்பு.
3. இன்ஜின். ஆமை. நகர ஒரு யுகம் ஆகும், அடித்தால் எதிரி எழுந்திருக்க மாட்டான்.
4. பூட்டு. எதிரிக்கு வேகம் கூடினால் அதைப் பிடுங்கிக்கொள்ளும்.
5. ஆந்தை. தூங்க வைக்கும்.
6. காலி.

ஐந்தில் பூட்டு யாருக்காக என்று எனக்குத் தெரியும். ரோ.வுக்காக.

கண்ணாடிக் கடையில் இன்று பதினொரு பேருக்குக் கண் டெஸ்ட். லென்ஸை மாற்றிக் காட்டினால் எல்லாரும் "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு மேடம்" என்கிறார்கள். ஒரே மாதிரி இருந்தால் நான் எதற்கு.

ஜூலை 9, புதன்

வெயில். ஈரம் காய்ந்து புழுக்கம்.

அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து கத்திரிக்காயைக் கொட்டிக்கொண்டே சொன்னாள், "ரோஸிய பாத்தன். உன்னத்தான் கேட்டா."

ரோஸ்லின், என் ரோ., வீடு மல்காஜ்கிரியில். ஒன்பதாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து பெஞ்ச். போன அக்டோபருக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீ இன்னா சொன்ன?"

"நல்லாக்கீறா, எந்நேரமும் அந்த டப்பாவும் கையுமாக்கீறான்னன். ஞாயித்துக்கெழம போட்டிக்குப் போறா, தவளைய வச்சிகினு தயாராவறான்னன்."

"தவளையச் சொன்னியா!"

"இன்னாடி ராணுவ ரகசியமா? மொகம் வாடிப்போச்சு அந்தப் பொண்ணுக்கு. இன்னா ஆச்சு ஒங்களுக்குள்ள?"

இன்னா ஆச்சு. அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகக் கூடாது என்பதற்காக.

ஒரு சின்ன மிருகம் உண்டு. வெள்ளை ரோமம், நாலு கால், ஊதினால் விழும். யாரும் அதை எடுக்க மாட்டார்கள். அது செத்தால் பக்கத்தில் நிற்கும் மிருகத்துக்கு வேகமும் பலமும் இரட்டிப்பாகும். அப்படியென்றால் எதிரி கொல்லும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், முதல் அடியே நம் ஆள் அதை அடித்தால்? இதை நானும் ரோ.வும் மெட்டுகுடா மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் கண்டுபிடித்தோம். 'ஆட்டுக்குட்டி' என்று பேர் வைத்தவள் அவள். சிரித்துச் சிரித்து வாட்ச்மேன் வந்து எழுப்பிவிட்டார். அன்றைக்கே சத்தியமும் செய்தோம். நமக்குள் மோதினால் ஆட்டுக்குட்டி கிடையாது.

அக்டோபரில் கடைசி ரவுண்டில் மோதினோம். ஒரு ரவுண்டுக்கு மூன்று ஆட்டம், ஆளுக்கொன்று ஜெயித்திருந்தோம். மூன்றாவதில் நான் ஜெயிக்கிற நிலையில் இருந்தேன். ஆட்டுக்குட்டியை இறக்கினாள். அடித்தாள். நாலு அடியில் என் ஆட்கள் காலி. பெங்களூரு அவள் போனாள்.

முடிந்ததும் கை கொடுப்பது வழக்கம். தோற்றவர் முதலில் நீட்டுவார், பத்து வயசுப் பிள்ளைகூடச் செய்யும். அவள்தான் நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.

கொடுக்காதது தப்புதான். தெரியும். ஆனாலும்.

இப்போது தவளை வருகிறது என்று அவளுக்குத் தெரியும். மழையை உடைக்க ஒரு படையே கட்டுவாள். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதா.

ஜூலை 10, வியாழன்

பங்காருவை எடுத்துவிட்டேன். மழை இல்லையென்றால் கெண்டையும் வீண், அதையும் எடுத்தாயிற்று. அழுகை வரவில்லை. எரிச்சல்தான். டீம் பக்கத்தில் தவளை இருந்த கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே லஞ்ச் டப்பா ஆறிப்போனது.

புதிதாக உள்ளே:
— வேலி. எதிரி தன் ஆளைத் தானே அடிக்க முடியாமல் தடுக்கும். (ஆட்டுக்குட்டிக்கு மட்டுமே ஆகும். வேறு யார் தன் ஆளைத் தானே அடிப்பான்?)
— திருடன். செத்தவர் விட்டுப்போகும் பலத்தை இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.
— வெட்டுக்கிளி. யாருக்கு வேகம் கூடினாலும் இதற்கும் கூடும்.

ஆறில் நாலு அவளுக்கான பதிலடி. வரட்டும்.

கடையில் ஒரு பெரியவருக்கு வலது கண் பவரை இடதுக்கும் இடதை வலதுக்கும் எழுதிவிட்டேன். பில் போடும்போது கண்ணில் பட்டது. அவர் படியிறங்குவதற்குள் ஓடிப் பிடித்து மாற்றினேன். உடம்பெல்லாம் வியர்வை. முதலாளி "க்யா ஹுவா ஹேமா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஞாயிறு 'போனாலு' அம்மன் பண்டிகை, ரோடெல்லாம் அடைத்துவிடுவார்கள், அதனால் கடை லீவு. அதுவாவது புண்ணியம்.

ஜூலை 11, வெள்ளி

வானம் மூட்டம். மழை இல்லை.

விடிகாலையில் எழுந்து கோயமுத்தூர்க்காரரோடு பத்து ஆட்டம். ஆன்லைனில் மட்டும் பழக்கம். முகம் பார்த்ததில்லை, நிஜப் பேரும் தெரியாது, கேமில் அவர் பேர் இட்லிப்புயல். பத்தில் எட்டு தோல்வி.

அவர் போட்ட மெசேஜ்: "தப்பா நெனச்சுக்காதீங்க. இது டீம் இல்லீங்க. யாரோ ஒருத்தருக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டையாட்டம் இருக்குதுங்க. அவங்க வரலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

வருவாள் என்று போட்டேன்.

"வந்தாலுமுங்க, நூத்துக்கு மேல ஆளு. அவங்களோட மோதறதுக்கு முன்னால நாலு பேரத் தாண்டோணுமல்லங்க. பறக்கறது ஏதாச்சும் வந்தா அடிக்க ஒண்ணுமே இல்லீங்களே உங்ககிட்ட. தவளைய எங்கீங்க காணோம்?"

நியாயமாகப் பேசுகிற ஆளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மதியம் அக்டோபர் மெசேஜ்களைத் திறந்தேன். அவளிடமிருந்து இரண்டு. "ஹேமா பேசணும்." "ஒரே ஒரு தடவ கேளு." அதற்கு மேல் அனுப்ப முடியாமல் நான் பிளாக் செய்துவிட்டேன். பிளாக்கை எடுக்கலாமா என்று விரல் போனது. எடுத்து என்ன கேட்பது, ஞாயிற்றுக்கிழமை எந்த ஆறு என்றா?

4:10 வேலியை எடுத்துவிட்டுத் தவளையை வைத்தேன்.
4:50 தவளையை எடுத்துவிட்டு வேலி.
5:30 மறுபடி தவளை.
5:52 வேலி.
5:55 அனுப்பிவிட்டேன்.

ஜூலை 12, சனி

தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். முனைக்கு முனை ஸ்பீக்கர், ஆளுக்கொரு பாட்டு. கடையில் கண் டெஸ்ட் பண்ண எழுத்தைப் படிக்கச் சொன்னால் "என்னது?" என்று கத்துகிறார்கள்.

இன்று டப்பாவைத் தொடக் கூடாது என்று முடிவு. மூன்று தடவை தொட்டேன்.

நாளைக்கு: சார்ஜர், பவர் பேங்க், ஆதார் ஜெராக்ஸ், தண்ணீர், லிஸ்ட் இரண்டு காப்பி, நீல குர்தா (அக்டோபரில் போட்டது பச்சை, ராசியில்லை). அம்மா எலுமிச்சம்பழ சாதம் கட்டித் தருகிறாளாம்.

அப்பா கேட்டார், "ரோஸியும் வருதா? ரெண்டு பேரும் ஒண்ணாவே போங்களேன், மெட்ரோல கூட்டமாருக்கும்."

தலைவலிக்கிறது, தூங்கப் போகிறேன் என்றேன். மணி எட்டுகூட ஆகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

8:20. மெட்ரோவில். வெயில், அதுவும் காலையிலேயே சுள்ளென்று. பக்கத்தில் ஒரு அம்மா மடியில் அம்மனுக்குப் போனம் படைக்கும் பித்தளைக் குடம், மஞ்சள் வாசனை.

9:40. வரிசையில் ரோ.வைப் பார்த்துவிட்டேன். முடி வெட்டியிருக்கிறாள். மஞ்சள் துப்பட்டா. அவளும் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன்.

ரவுண்டு 1. காலேஜ் மாணவி. ஆறில் மூன்று பறவை. அடிக்க ஒன்றும் இல்லை. 0–2. கோயமுத்தூர் வாய் பலித்துவிட்டது.

ரவுண்டு 2. ஜெயம். அந்த ஆள் ரொம்பப் பதற்றம், தப்பான பட்டன். என் சாமர்த்தியம் இல்லை.

ரவுண்டு 3. தோல்வி. வேலி களத்தில் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எதிரி தன் ஆளை அடித்தால்தானே தடுக்கும்! மனுஷன் ஏன் அடிக்கப் போகிறான். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீர். இரண்டு தோல்வி. பெங்களூரு அவ்வளவுதான். நாலு மாத உழைப்பு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது.

வீட்டுக்குப் போய்விடலாம். பையைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் ரோ. எங்கே இருக்கிறாள் என்று பார்க்காமல் எப்படிப் போவது? முதல் பத்து டேபிளையும் சுற்றி வந்தேன். ஜெயிக்கிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அவள் இல்லை. பாத்ரூம் போயிருப்பாள்.

ரவுண்டு 4. தோல்வி. என்ன ஆடினேன் என்றே ஞாபகம் இல்லை. 1–3. எலுமிச்சம்பழ சாதத்தில் அம்மா உப்பு மறந்திருக்கிறாள்.

5:15. திரும்பும் மெட்ரோ. உட்கார இடம் கிடைத்தது. முடிவை முதலில் எழுதிவிடுகிறேன், ரவுண்டு ஐந்திலும் தோல்வி. ஆறாவது ஆடவில்லை.

ஐந்தாவது ரவுண்டுக்குத் திரையில் பேர் போட்டார்கள். ஒரே அளவு தோற்றவர்களை ஒருவரோடு ஒருவர் கோர்ப்பார்கள். என் பேருக்கு நேராக டேபிள் 58. கடைசிக்குப் பக்கம், ஏ.சி. எட்டாது, குப்பைத் தொட்டி ஓரம். போனால் மஞ்சள் துப்பட்டா.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஹவ், ஆமா, நாந்தான். கைக்கு, எதுக்கு முறைக்கறே? ஒக்காரு."

"நீ எப்டி இங்க?"

"ஒண்ணு ஜெயம், மூணு தோல்வி. நீ எப்டி இங்க?"

லிஸ்ட்டை நீட்டினேன். அவள் அவளுடையதை நீட்டினாள். படித்தேன். மழைத்தண்ணியைக் குடித்தே பலம் ஏறுகிற மிருகம் ஒன்று. மழையை நிறுத்த ஒன்று. ஈரத்தில் மின்னல் அடிக்க ஒன்று. தவளையைக் கண்டால் மட்டும் கோபம் வருகிற கொக்கு ஒன்று. அந்தக் கொக்கையெல்லாம் யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. ஆறில் நாலு.

ஆட்டுக்குட்டி இல்லை. இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்தேன். இல்லை.

அவளும் என் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமோ என்பது போல.

"தவளை எங்கடி?"

"எடுத்துட்டேன். நீ உடைப்பேன்னு. ஆட்டுக்குட்டி எங்க?"

"அது நக்கோ, வேணாம்." தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்டோபருக்கப்புறம் தொடவே இல்ல. பெங்களூர்லயும் எடுக்கல, மொத ரவுண்டுலயே போயிட்டேன். அன்னிக்கு டைம் ஓடிட்டிருந்துச்சு ஹேமா. பயந்துட்டேன். கை அங்க போயிடுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

நாலு நாள் தூக்கமில்லாமல் நான் வேலி கட்டியதெல்லாம் அவள் ஒன்பது மாதம் முன்னாலேயே விட்டுவிட்ட ஒன்றுக்கு. அவள் கொக்கு வளர்த்ததெல்லாம் நான் வியாழக்கிழமை தூக்கிப் போட்ட தவளைக்கு. இந்த ஹாலில் மற்ற எல்லாரிடமும் தோற்றுவிட்டு இரண்டு மூதேவிகளும் குப்பைத் தொட்டி ஓரம் எதிரெதிரே.

"வேலியாடி?" என்றாள். "வேலிய எவளாச்சும் எடுப்பாளா?"

"கொக்க எடுப்பாளா?"

சிரிப்பை அடக்கி அவளுக்கு உதடு துடித்தது. எனக்கும். ஜட்ஜ் வந்து, தயாரா, ஆரம்பிக்கலாமா என்றார். நான் டப்பாவைத் திறந்தேன். அவள் திறக்கவில்லை. மேஜைக்கு மேலே கையை நீட்டினாள்.

"இரு. மொதல்ல கை குடு. அப்புறம் நீ ஓடிப்போயிடுவே."

கொடுத்தேன். அவள் விடவில்லை, நானும் விடவில்லை. டைமரைப் போடட்டுமா என்று ஜட்ஜ் இரண்டு தடவை கேட்டார்.