தொட்டிக்குப் பெரிய பாலன்

நவம்பர் 29, சனி

கட்டிலுக்கு அடியில் இருந்த ஆறு பெட்டியையும் இழுத்து வெளியே வைத்தேன். எல்லாம் கிறிஸ்துமஸ் குடில் சாமான். மாதா, சூசையப்பர், ஆடு, ஒட்டகம், தண்ணீர் ஓட ஒரு சின்ன மோட்டார். நானும் என் மகன் நீலும் பதினான்கு வருஷம் சேர்த்தது. தெருவே வந்து பார்க்கும்.

நீல் டெங்குவில் போய் இரண்டு வருஷம். போன டிசம்பரில் வைத்தேன். வந்தவர்கள் குடிலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். வைக்காவிட்டால் ஏன் வைக்கவில்லை என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

டிசம்பர் 2, செவ்வாய்

பின் தெரு யூனிஸ் ஆறு பெட்டியையும் வாங்கிக்கொண்டு போனாள். பணத்தோடு நேரே நீச்சல் குளத்துக்குப் போய் இந்த மாதத்துக்குக் கட்டினேன். ஜனவரிக்கும் தனியாக எடுத்து வைத்தேன்.

நான் சமைக்கிற வீட்டம்மாதான் முழங்கால் வலிக்கு என்று நவம்பரில் லேடீஸ் பேட்ச்சில் சேர்த்துவிட்டார். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் நெஞ்சு அடைப்பதில்லை.

டிசம்பர் 3

என் வீட்டுக்காரர் சில்வெஸ்டர் பீன்யா ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"எங்கடி?"

சொன்னேன்.

"புள்ள கை பட்ட சாமானை வித்துட்டு, நாப்பத்தேழு வயசுல தண்ணில குதிக்கப் போறியா?"

"பின்ன? பெட்டிய கட்டிக்கிட்டு அழச் சொல்றீங்களா?"

சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

டிசம்பர் 9

குளத்தின் ஓரத்துக் கம்பியை விட மாட்டேன் என்கிறேன். சொல்லித் தருகிற சிந்து சின்னப் பெண், ஆனால் அதட்டுகிறாள். "ஆன்ட்டி, தண்ணிக்குள்ள மூச்சை விடுங்க. புடிச்சே வெச்சிருந்தா மேல வந்து எப்படி இழுப்பீங்க?" எட்டு முறை முங்கினேன். எட்டு முறையும் மூச்சைப் பிடித்தபடியே எழுந்தேன்.

டிசம்பர் 12

குடிலுக்குப் புல் வேண்டும் என்று வருஷா வருஷம் ராகி விதைக்கிற நாள். கை தானாக ராகி டப்பாவுக்குப் போனது. அரைத்து வந்து களி கிண்டிவிட்டேன்.

டிசம்பர் 20

யூனிஸ் போன் செய்தாள். "ஆன்ட்டி, எல்லாம் அடுக்கிட்டேன். பாலனைக் காணோமே?"

பாலன், குழந்தை இயேசுவின் சுரூபத்தை, நாங்கள் மற்றதோடு வைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி வீட்டின் சின்னப்பிள்ளைதான் அதைக் குடிலின் நடுவில் இருக்கிற மாட்டுத் தொட்டியில் வைக்கும். அதுவரை பீரோவுக்குள், பிஸ்கட் டப்பாவில், பஞ்சு சுற்றி இருக்கும். எங்கள் வீட்டில் நீல். மீசை வந்த பிறகும் நீல்தான்.

விற்கும்போது நிஜமாகவே மறந்துவிட்டேன். "தேடிப் பாக்கறேம்மா" என்றேன். தேட என்ன இருக்கிறது?

டிசம்பர் 22

கொடுக்க முடியவில்லை. ஜனவரிக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு சிவாஜிநகர் போய்ப் புதுப் பாலன் வாங்கினேன். யூனிஸ் வைத்துப் பார்த்தாள். கால் இரண்டும் தொட்டிக்கு வெளியே.

"அம்மாவை விட புள்ள பெருசா இருக்கே ஆன்ட்டி" என்று சிரித்தாள். அவளுடைய ஐந்து வயது மகள் சிரிக்கவில்லை. "இது வேற பாப்பா" என்றாள்.

ஆறு பெட்டியைக் கொடுத்து வாங்கின தண்ணீரை ஒரு டப்பாவுக்காக விட்டுவிட்டேன். பைத்தியமா எனக்கு?

டிசம்பர் 25

பூசைக்குப் போனோம், வந்தோம்.

டிசம்பர் 31

குளத்தில் கடைசி நாள். கம்பியை விடவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

மூன்று ராஜாக்கள் திருநாள். குடிலைப் பிரிக்கிற நாள். பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் சில்வெஸ்டர். "எங்க?"

"யூனிஸ் வீட்டுக்கு."

டப்பாவை வாங்கித் திறந்தார். "பஞ்சு பழுத்துப் போச்சு" என்று புதுப் பஞ்சு எடுத்து வந்து அவரே சுற்றினார்.

யூனிஸ் டப்பாவைத் திறந்து பஞ்சைப் பிரித்தாள். அவள் மகள் பாலனைத் தொட்டியில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. "மத்ததோட சேத்து வெச்சிடவா ஆன்ட்டி?" என்றாள் யூனிஸ்.

"தனியா வைம்மா. டிசம்பர்ல பாப்பா கையில குடு."

பிப்ரவரி 3

இன்னொரு வீட்டில் காலை டிபன் செய்யவும் வேலைக்குச் சேர்ந்து, குளத்துக்கு இந்த மாதப் பணம் கட்டிவிட்டேன். தண்ணீருக்குள் மூச்சை விட்டேன். காதுக்குள் குமிழ் சத்தம். எழுந்து பார்த்தால் கை கம்பியில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஈரத் துண்டை சில்வெஸ்டர் வாங்கிக் கொடியில் போட்டார்.

"ரொம்ப ஆழமா?" என்றார்.

"இடுப்பளவுதான்" என்றேன்.