முதல் ரெலிபோனில் நீங்கள் சொன்னது

அக்கா,

உங்கள் செத்தவீடு முடிந்து வந்த அன்றைக்கு, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த ரோசாப்பூப் போர்வையை இறக்கினேன். பூச்சி உருண்டை மணத்தையும் தாண்டி உங்கள் குசினியின் மிளகாய்த்தூள் மணம் வந்தது. இத்தனை தரம் தோய்த்த போர்வையில் என்ன மணம் என்று மகன் சிரித்தான். இது எங்களிடம் வந்தபோது அவனுக்கு இரண்டு வயது. அவனுக்கு என்ன தெரியும்?

தொண்ணூறுகளின் நடுவில், பனி கொட்டும் ஒரு மாரிகாலம். மகனின் தகப்பன் எங்களை விட்டுவிட்டுப் போனபின், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் உங்கள் ஒற்றை அறை வீட்டுக்குப் பிள்ளையோடு வந்தேன். நீங்கள், அத்தான், இரண்டு மகள்மார் என்று ஏற்கெனவே கால்நீட்ட இடமில்லை. நாங்கள் சொந்தமும் இல்லை. தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கியவர்கள், அவ்வளவுதான். "உள்ள வா, பிள்ளைக்குக் குளிருது" என்றீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

கட்டட மேலாளர் கண்டுபிடித்துவிட்டார். மாத முடிவுக்குள் நாங்கள் வெளியேறாவிட்டால் உங்கள் குடும்பமும் வெளியேற வேண்டும் என்றார். நான் நகரசபையின் அவசர வீட்டுக்குப் பதிந்தேன். எங்களை இனி வைத்திருக்க முடியாது என்பதை எங்களுக்கு இடம் தந்தவர்களே சொல்ல வேண்டுமாம். அலுவலகப் பெண் உங்களுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"நோ, நோ! ஷீ இஸ் மை சிஸ்டர். ஷீ கேன் ஸ்ரே!"

என் சகோதரி, இங்கேயே இருக்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பிய முகத்தில் என்ன பெருமை! "ஆரோ ஒருத்திக்கு முன்னால உன்னை விட்டுக்குடுப்பனோ? வீட்டுக்கு வந்த ஆளைப் போ எண்டு சொல்லுறதோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அடுத்தநாள் என் பெயரை எடுத்துவிட்டார்கள். இருக்க இடமுள்ளவர்களுக்கு அவசர வீடு இல்லையாம்.

திரும்ப எடுத்து, வைத்திருக்க முடியாது என்று நீங்களே சொல்ல வேண்டும் என்றேன். "அப்பிடிச் சொல்ல எனக்கு வாய் வராதடி" என்று குசினிக்குள் போய்விட்டீர்கள். மாதம் முடிய வந்தது. கடைசியில் அத்தான்தான் சொன்னார்: "நீர் சொல்லாட்டி எல்லாருமெல்லோ தெருவில நிக்கப்போறம்." மகனை இடுப்பில் வைத்துக்கொண்டே அலுவலகத்தின் எண்களை அழுத்தினீர்கள். அவன் ரெலிபோன் வயரை விரலில் சுற்றிச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஷீ கெனொட் ஸ்ரே. ருடே ஷீ மஸ்ற் கோ."

அவள் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். இருக்க முடியாது, இன்றைக்கே போக வேண்டும் என்று அதையே இன்னும் உரத்துச் சொன்னீர்கள். பிறகு நிலத்தில் இருந்துகொண்டு அவனுக்கு முட்டைச்சோறு தீத்தினீர்கள். உங்கள் கண்ணீரைத் துடைக்கக் கையில்லை. ஒரு கையில் சோறு, மறுகையில் அவன்.

பின்னேரம் வாடகைக்கார் வந்தது. நகரசபை குடும்பங்களைத் தங்கவைக்கும் ஒரு மோட்டலுக்கு எங்களை அனுப்பினார்கள். செருப்போடு பனிக்குள் ஓடிவந்து இந்தப் போர்வையைக் காருக்குள் திணித்தீர்கள்.

பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்ணுக்குச் சுவருக்கு அப்பால் உங்கள் குரல் கேட்டிருக்கிறது. குழந்தையோடு வந்தவளைப் பனிக்குள் துரத்தியவள் என்று ஸ்காபரோ முழுக்கக் கதை பரவியது. நான் கண்டவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னேன். "பாவம், அவவைக் காப்பாத்திறியள். உங்களுக்குப் பெரிய மனசு" என்றார்கள். நான் சொல்லச் சொல்ல எனக்கு நல்ல பெயர், உங்களுக்கு இன்னும் கெட்ட பெயர். கோயிலில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி எழும்பிப் போய் வேறிடத்தில் இருந்தாள். நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள்.

"விடடி. உனக்கு வீடு கிடைச்சதெல்லோ" என்றீர்கள்.

கிடைத்தது, அக்கா. குளிர் முடியுமுன் மோட்டலிலிருந்து இரண்டு அறை வீட்டுக்குப் போனோம். மகன் அங்கேதான் வளர்ந்தான்.

செத்தவீட்டில் ஒருத்தி என் காதோடு சொன்னாள்: "உவதானே அண்டைக்கு உங்களை வெளிய விட்டவ? எண்டாலும் வந்திருக்கிறியள்." எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்கள் சவப்பெட்டிக்கு முன்னாலேயே கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகன் என்னைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்கும் அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். "அப்ப அவ என்னதான் சொன்னவ, அம்மா?" என்று கேட்டான்.

இரண்டையும் சொன்னேன். ஊருக்குக் கேட்டது இரண்டாவது. அந்த அலுவலகப் பெண்ணுக்கும் எனக்கும் மட்டும் கேட்டது முதலாவது. அவளுக்கு அது இப்போது நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது, அக்கா.

ஷீ கேன் ஸ்ரே.