ஒண்ணாம் சேனலில் ஆடு, ரெண்டாம் சேனலில் மழை

மாப்ளே,

உன் ஒயரில் இன்னும் ஏலக்காய் வாசம் போகவில்லை. இன்று மத்தியானம் அதை ஆணியிலிருந்து எடுத்ததும் என் மூக்குதான் முதலில் உன்னைக் கண்டுபிடித்தது. ஒயரையும் ஏலக்காயையும் ஒரே சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் எஸ்டேட் ஜீப்பில் போடிக்கு இறங்கி வருவாயே, அந்த வாசம்.

எங்கள் ஏலக்காய்க் கடை மாடியில் இருந்தது ஒரே ஒரு ஜோடி ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர். என் லேப்டாப்பில் தாளம். உன் போனில் நீ மலையில் பதிந்த மழை, காற்று, ஜீப்பு உறுமல். இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான் நம் ஆசை. "இதெல்லாம் ஒரு சோலியாடா?" என்று இரண்டு ஒயரையும் பல்லால் உரித்து, ஒன்றாக முறுக்கி ஸ்பீக்கருக்குக் கொடுத்தாய். தாளம் அமுங்கிப்போனது, மழை தூறலாகிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாய்.

"மாப்ளே, எங்க மேட்டுல ரெண்டு ஓடையில இருந்து ஓஸு பைப்பு இழுத்து ஒண்ணா முடிஞ்சா, மேல உள்ள தண்ணி கீழ உள்ள ஓஸுக்குள்ளயே ஏறிரும். வீட்டுக்கு வர்றது சொட்டுத்தான். ரெண்டும் முதல்ல தொட்டிக்கு வரணும். தொட்டியில இருந்துதான் குழாய் போகணும்."

அந்தத் தொட்டி, சித்தப்பாவின் மைக்செட் கடையில் தூசி தின்று கிடந்த, சத்தங்களைக் கலக்கும் சின்ன மிக்ஸர். உரித்த ஒயர்களுக்குப் புது ஜாக் வைத்தோம்; ஒண்ணாம் சேனல் எனக்கு, ரெண்டாம் சேனல் உனக்கு. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஆளுக்கொரு திருகு. அன்றைக்குத்தான் என் தாளத்தின் மேல் உன் மழை முழுசாகப் பெய்தது.

நான் சும்மா இருக்கிற ஆளா? அடுத்த வாரமே உனக்குத் தெரியாமல் உன் மழைக்கு நடுவில் என் லேப்டாப்பிலிருந்து ஓர் ஆட்டைக் கத்தவிட்டேன்.

"எங்க குடியிருப்புல ஆடே இல்லையேடா!"

மூன்று சனிக்கிழமை அந்த ஆட்டைத் தேடினாய். நான்காவதில் மிக்ஸரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "ஆடு கத்துறப்ப ஒண்ணாம் நம்பர் லைட்டுல்ல மினுக்குது? ஆடு உன் லேப்டாப்புல மேயுதுடா!" அப்புறம் ஏலக்காய் மூட்டைகளைச் சுற்றி என்னை விரட்டியது கடைக்கே தெரியும்.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னை நான்கே நாளில் கொண்டுபோய்விட்டது. ரெண்டாம் சேனல் திருகை அதன்பிறகு நான் தொடவே இல்லை.

இன்று உன் அம்மா வந்தார்கள். கையில் உன் போன். அதன் ஸ்பீக்கர் மழையில் நனைந்து ஊமையாகியிருந்தது.

"அவன் குரலு இதுக்குள்ள இருக்குமா அப்பு? ஒருக்கா கேட்டுட்டுப் போயிர்றேன்."

நீ பதிந்ததெல்லாம் மழைதானே? உன் ஒயரைப் போனில் மாட்டி ரெண்டாம் சேனலில் செருகினேன். முதல் பதிவு, மழை. அடுத்தது காற்று. அதற்கடுத்தது தகரத்தில் மழை. அத்தை முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதிலும் மழைதான். ஆனால் மழைக்குள் அத்தையின் குரல்: "மழையப் போயி என்னத்துக்குடா புடிச்சுக்கிட்டு இருக்க?"

நீ: "கீழ போடியில ஒரு ஆடு இருக்கும்மா. அதுக்குக் கொண்டு போறேன்."

பிறகு உன் சிரிப்பு, இரண்டு ஸ்பீக்கரிலும்.

அத்தை என் பக்கம் திரும்பினார்கள். "அது எந்த ஆடு அப்பு?"

நான் "மே..." என்று கத்தினேன். அழுகையோடு அழுகையாக அத்தை சிரித்துவிட்டார்கள். உன் சிரிப்பும் அதே மாதிரிதான் மாப்ளே, பாதியில் இருமல் வரும்.

அந்தப் பதிவை அவர்கள் போனுக்கு ஏற்றிக் கொடுத்தேன். படியிறங்கும்போது சொன்னார்கள்: "மழை வேணும்னா சொல்லு, இனி நான் புடிச்சுக் கொண்டாறேன்."

நன்றி மாப்ளே, அந்தத் தொட்டிக்கு. முறுக்கின ஒயரோடு விட்டிருந்தால் நான் சிரித்ததோடு முடிந்திருக்கும். இன்று அத்தைக்கு உன் போனைச் செருகிக் கொடுக்க ஓர் இடம் இருந்திருக்காது. உன் திருகு நீ வைத்த அளவிலேயே இருக்கிறது. அத்தை மழையோடு வரட்டும். ஒண்ணாம் சேனலில் ஆட்டைத் தயாராகக் கட்டி வைத்திருக்கிறேன்.