நூற்றுப் பதிமூன்றாவது வரிசை

16.11.2004, செவ்வாய்

மழை. மலையைக் காணோம். ஆபீஸ் ஜன்னல் முழுக்க வெறும் வெள்ளை.

பரசுராமன் சாரின் திருமணத் தகவல் மையத்தில் சேர்ந்து மூன்று வாரம். பி.சி.ஏ. படித்தவன் செய்கிற வேலையா இது? இல்லை. ஆனாலும் இன்று எக்ஸெல் பட்டியலுக்கு ஒரு மேக்ரோ, அதாவது குட்டி புரோகிராம், எழுதினேன். பட்டனை அழுத்தினால் செவ்வாய் தோஷம் இல்லாத பெண்கள் மட்டும் நிற்பார்கள். மற்ற வரிசைகள் மறைந்துவிடும். ஒரே நிபந்தனை: தோஷக் கட்டத்தில் 'இல்லை' என்று இல்லையென்றால், மறை. தோஷம் 'ஆம்' என்பவர்களுக்கு இன்னொரு பட்டன். முடிந்தது.

சார் வாயைப் பிளந்தார். "நோட்டப் பொரட்ட எனக்கு அரை நாள் ஆவும்டா மூர்த்தி!"

3.12.2004, வெள்ளி

வேங்கிக்காலிலிருந்து புகழேந்தி என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார். மகள் கவிநிலாவைப் பதிவு செய்தார். தோஷக் கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை.

"ஜாதகமே எழுதல தம்பி. நமக்கு அதுல நம்பிக்க இல்ல."

"அப்ப இல்லைன்னு போட்டுக்கட்டுமா?"

"அப்டி போட்டா, இருக்கான்னு பாத்த மாதிரி ஆயிடும். சும்மா விடுங்க."

பிடிவாதக்காரர். 113-வது வரிசை.

21.1.2005, வெள்ளி

வெள்ளிக்கிழமையானால் வாத்தியார் வந்துவிடுகிறார். "ஏதாவது வந்துச்சா?"

"வரலீங்க. வந்தா போன் பண்ண மாட்டேனா?" கடுப்பாகத்தான் சொன்னேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறவில்லை.

11.3.2005, வெள்ளி

இன்று மகளே வந்துவிட்டாள். பி.எட். படிக்கிறாளாம். "எம்பேரு லிஸ்ட்ல எங்க இருக்குன்னு காட்டுங்க சார்."

பட்டனை அழுத்தினேன். 112. அடுத்தது 114. இன்னொரு பட்டன். அதிலும் இல்லை.

காலிக் கட்டத்தில் 'இல்லை' என்று இல்லையே. அதனால் மறை. நான் எழுதியதை அது அப்படியே செய்திருக்கிறது. மூன்று மாதமாக இவளை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை — யாரும் பார்க்கவே இல்லை. ச்சே. என்னா மடையன் நான்.

சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள்.

"அதான் நிம்மதியா படிச்சேனா! சார், மே மாசம் பரீட்ச. அதுவரைக்கும் நான் உள்ளயே இருந்துக்கறேனே. அப்பாகிட்ட சொல்லாதீங்க."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

அவள் போன பிறகும் 112-க்கும் 114-க்கும் நடுவிலிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற கோடுகளைவிட ஒரு மயிரிழை தடிமன். அதற்குள் ஒருத்தி உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள்.

13.3.2005, ஞாயிறு

பகல் தூக்கத்தில் கனவு. கிரிவலப் பாதையில் நடக்கிறேன். நடுவில் மலை இல்லை, ஒரு கோடுதான். உள்ளே யாரோ பக்கம் புரட்டும் சத்தம்.

18.3.2005, வெள்ளி

வாத்தியார் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள். ஜாதகம். செங்கம் ரோட்டில் யாரிடமோ எழுதி வாங்கியிருக்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்லைன்னே போட்டுடுங்க தம்பி. என் வீம்புக்கு எம்பொண்ணு ஏன் கெடணும்?"

கை கீபோர்டில் இருந்தது. ஒரு சொல் அடித்தால் போதும், என் தப்பு யாருக்கும் தெரியாது.

முடியல.

"வேணாங்கய்யா. தப்பு என்னுது." எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அந்த மே மாதத்தையும் சேர்த்து. பரசுராமன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப யாரும் வேணான்னு சொல்லல?"

"யாருமே பாக்கலீங்க."

ஜன்னல் பக்கம் திரும்பினார். மலை பளிச்சென்று நின்றது. தாளை மடித்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது; வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பரீட்ச முடியட்டும். அதுவரைக்கும் அவ அங்கயே இருக்கட்டும்."

போகும்போது சைக்கிளில் ஏறினார்.

19.3.2005, சனி

கவிநிலா போன் செய்தாள். "வாயில எதுவும் நிக்காதா சார் உங்களுக்கு?"

நிக்காது.

14.6.2005, செவ்வாய்

பரீட்சை முடிந்து வந்தாள். "இப்பக் காட்டுங்க. ஆனா அந்தக் கட்டத்த நெரப்பாதீங்க."

மேக்ரோவை மாற்றி வைத்திருந்தேன். முதலில், காலியா என்று பார். காலியென்றால் தொடாதே. அதற்கப்புறம்தான் மற்றது. அழுத்தினேன். 112, 113, 114.

"மொத பிரிண்ட் எந்த மாப்ள வீட்டுக்கு?" பிரிண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கம்மாவுக்கு" என்றேன். யோசிக்காமல்தான், எப்போதும் போல.

திரும்பிப் பார்த்தாள். இந்த முறை திட்டவில்லை.

ஊருக்குத் திரும்பும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அந்தத் தாளை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் மலை பின்னாலேயே வந்தது. அம்மா விரல் வைத்துப் படித்தாள்.

"என்னடா, இந்தக் கட்டம் காலியா கீது?"

"காலின்னா காலிதாம்மா."

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தாளைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டு வேர்க்கடலை உரிக்கப் போய்விட்டாள்.

நானும் எதிரில் உட்கார்ந்து உரித்தேன். பிடித்திருக்கா என்று மட்டும் கேட்கவில்லை.